சுண்ணாம்பு சொல்லும் கணக்கு

வேதியியல் என்றதும் குடுவைகளும் தேர்வுத்தாளுமே எங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், எங்கள் தென்காசியின் பழைய வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் மூன்று வேதிவினைகளின் வரலாறு என்பதைச் சுண்ணாம்பைப் பற்றிப் படித்தபோது உணர்ந்தோம்.

முதல் வினை காளவாசலில் நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. இது வெப்பத்தை உட்கொள்ளும் சிதைவு வினை. 100 கிலோ தூய கல்லிலிருந்து கிடைப்பது 56 கிலோதான். மீதி 44 கிலோ எங்கே? கல்லின் மூலக்கூறு எடையைக் கூட்டிப் பார்த்தோம்: கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, ஆக 100. இதில் கார்பனும் இரண்டு ஆக்சிஜனும், அதாவது 44, வாயுவாகி விண்ணில் கலந்துவிட்டன.

அடுத்தது நீற்றுதல். 56 கிலோவுடன் 18 கிலோ நீர் கூடி 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. இது வெப்பத்தை வெளிவிடும் சேர்க்கை வினை. அடுப்பின்றியே தொட்டி கொதிக்கும். நீர் ஆவியாகிப் போவதால் கணக்கிற்கு மேலேயே ஊற்றுவார்கள். பெரியவர்கள் சிறுவரை அருகில் விடாமல் விரட்டுவது வீண் கண்டிப்பன்று. ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகக்கூடும். உடனே ஏராளமான நீரால் விடாமல் கழுவி, மருத்துவரிடம் விரைய வேண்டும்.

மூன்றாவது வினையை ஆய்வகத்தில் கண்டோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கிறது. சுவரிலும் இதுவே மெல்ல நடக்கிறது. 74 கிலோ சுண்ணாம்பு, காற்றிலிருந்து 44 கிலோ வாயுவை ஏற்று, 18 கிலோ நீரை விட்டு, மீண்டும் 100 கிலோ கல்லாகிறது. குற்றாலம் சித்திர சபையில் ஓவியங்களைத் தாங்கும் சுண்ணச் சாந்து உறுதிபெற்றதும் இவ்வாறே.

ஆயினும் கணக்கு முழுவதும் தீரவில்லை. காளவாசலில் எரித்த நிலக்கரியின் புகையைச் சுவர் திரும்பப் பெறுவதில்லை. 1949-இல் தாழையூத்தில் தொடங்கிய சிமெண்ட் ஆலை உட்பட உலகின் சிமெண்ட் ஆலைகளிலும் இதே சிதைவு வினை நடக்கிறது; அங்கே வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியே கட்டடங்களுக்குத் திரும்புகிறது. எஞ்சியது பூமியைச் சூடாக்குகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பி அருவி பார்த்திருக்கும் எங்களுக்கு அந்த 44 வெறும் எண்ணாகுமா?

மறைந்தது எங்கே சென்றது என்று கேட்கக் கற்பிப்பதே வேதியியல் கணக்கு. தோழியரே, விடையைக் கண்டதும் அடிக்கோடிட்டு நிறுத்திவிடாமல், அது யாரைத் தொடுகிறது என்றும் கேட்போம்!