ஒன்பது கோயில் வாசலிலும் நின்றவர்

கும்பகோணத்திற்கு நவக்கிரக யாத்திரையாக வந்து சென்ற அன்பர்களில் சிலரேனும் அந்த வாடகைக் கார் ஓட்டுநரை அறிந்திருக்கக்கூடும். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. சென்ற கார்த்திகை மாதத்தில் அவர் சிவபதம் அடைந்தார். அறுபது வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன.

1998 ஆம் ஆண்டில், நான் பணியாற்றிய வங்கிக் கிளைக்கு அம்பாசிடர் கார் வாங்கக் கடன் கேட்டு வந்தார். லாரியில் கிளீனராகத் தொடங்கி, பிறர் வண்டிகளை ஓட்டியே பல ஆண்டுகளைக் கழித்தவர். கடனுக்கு அறுபது தவணைகள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள், பத்தும் இருபதுமான தாள்களை அடுக்கி ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவருவார். எண்ண வேண்டிய காசாளர் சற்று முகம் சுளிப்பதும் உண்டு. தவணையைக் கட்டிய கையோடு, இரு பெண் குழந்தைகளின் தொடர் வைப்புக் கணக்கிலும் ஆளுக்கு நூறு ரூபாய் செலுத்திய பின்னரே படியிறங்குவார்.

ஒரே நாளில் ஒன்பது தலங்களையும் தரிசிப்பது எளிதன்று. உச்சிப்பொழுதில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். இருள் பிரியுமுன் புறப்பட்டு முதலில் திங்களூர். திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த அப்பூதியடிகளின் ஊர் அது. அவர் வரலாற்றை ஊர் வருமுன் நம்மவர் சொல்லி முடித்துவிடுவார். பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம். சூரியனார்கோயிலுக்கு முன் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரை வழிபடுவது மரபு. ஒன்பதில் சேராத தலம் என்று சிலர் அவசரப்படுத்தினாலும் வண்டியை அங்கே திருப்பிவிடுவார். அதற்கெனத் தனிக்காசு வாங்கமாட்டார். கஞ்சனூர் முடித்து, நடை சாத்துமுன் வைத்தீஸ்வரன்கோயில். மாலையில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், நிறைவாகக் காரைக்காலை அடுத்த திருநள்ளாறு. முதியவர்கள் சனிக்கிழமைதான் போகவேண்டும் என்றால், "கூட்டம் தாங்காது மாமி. சனீஸ்வரர் புதன்கிழமையும் அங்கேதானே இருக்கார்?" என்பார்.

அவர் மட்டும் உள்ளே வருவதில்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "பெரியவங்க படியிறங்கி வரும்போது கை கொடுக்க வாசல்ல ஒரு ஆள் வேணும் சார்" என்றார். வழிபாட்டிற்கு அவர் வைத்திருந்தது திங்கட்கிழமை மாலை. அன்று சவாரி எடுக்கமாட்டார். மனைவி மக்களோடு ஆதிகும்பேஸ்வரர் சந்நிதியில் இருப்பார்.

கார்த்திகை பிறந்தால் மற்ற ஓட்டுநர்கள் சபரிமலைப் பயணங்களுக்குப் போட்டியிடுவார்கள். நல்ல வரும்படி. இவர் ஒரு பயணத்தையும் ஏற்றதில்லை. எந்நேரமானாலும் இரவில் வீடு திரும்பி, பெண்களோடு அமர்ந்து ஒரு கவளமாவது உண்ணவேண்டும் என்பது அவர் விரதம். பிழைக்கத் தெரியாதவர் என்று சக ஓட்டுநர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2020 இல் கோயில்கள் மூடப்பட்டன. மார்ச் முதல் ஆகஸ்டு வரை யாத்திரிகர் எவரும் இல்லை. நான் ஓய்வு பெற்றிருந்த காலம். ஒருநாள் வீட்டிற்கு வந்து, இளையவள் கல்லூரிக்கென வைத்திருந்த வைப்புத் தொகையை முறித்தால் எவ்வளவு வட்டி குறையும் என்று கேட்டார். கணக்கிட்டுச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார். மறுவாரம் அதே காரின் பின்புறத்தைத் திறந்து வைத்து, எங்கள் தெருவில் கத்தரிக்காயும் கீரையும் விற்றுக்கொண்டிருந்தார். தொகை முறிபடவில்லை. மூத்தவள் இன்று ஆசிரியை. இளையவள் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறாள்.

காரியங்கள் முடிந்தபின், வங்கிக் கணக்கு தொடர்பாகக் கையெழுத்திட வேண்டிய தாள்களோடு மூத்தவள் என்னிடம் வந்தாள். காரில் இருந்ததென்று ஒரு பழைய நாட்குறிப்பையும் நீட்டினாள். பெட்ரோல் கணக்காக இருக்கும் என்று புரட்டினேன். பக்கம் பக்கமாக, வந்து போனவர்களைப் பற்றிய குறிப்புகள்: "திருச்சி மாமி — சர்க்கரை, ஒரு மணிக்குள் சாப்பாடு." "சேலம் ஐயா — இடது முழங்கால், வண்டியை வாசல் வரை கொண்டுபோகணும்." "மதுரை அம்மா — பையன் இறந்து ஆறு மாசம். வண்டியில் பாட்டுப் போடக்கூடாது."