ஓட்டுநர் இல்லாக் கலம்

வானூர்திகளுக்கும் மூப்பு உண்டு. மனிதர்க்கு நரையும் திரையும் போல அவற்றுக்கு உலோகச் சோர்வு. ஒவ்வொரு பறத்தலிலும் இறக்கை வளைந்து நிமிர்கிறது. நாளடைவில் ஆணித் துளைகளின் ஓரத்தில் மயிரிழை போல் விரிசல் பிறக்கிறது. குழாய்களின் ரப்பர் வளையங்கள் இறுகிப் பிளக்கின்றன. 1963இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 62 ஆண்டுகள் பறந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதில் பறந்து உயிரிழந்த விமானிகள் நூற்றுக்கு மேற்பட்டோர். எல்லாமே எந்திரக் கோளாறல்ல. ஆயினும் முதுமையை ஒதுக்கிவிட்டு அந்தக் கணக்கை எழுத முடியாது.

நம் நினைவில் நெடுநாளாக உறுத்துவது வேறொரு ஊர்தி. 1984 முதல் படையில் உள்ள ஏஎன்-32 சரக்கு விமானங்களுள் ஒன்று, 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கிளம்பியது. வங்கக் கடலின் மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. நீருக்கடியிலிருந்து ஒலியெழுப்பி இடங்காட்டும் கருவி அதில் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. செப்டம்பரில் அனைவரும் இறந்ததாகக் கொள்ளப்பட்டது.

சூரமங்கலத்தில், சேலம் சந்திப்பு நிலையத்தை அடுத்து வசிக்கும் நாம், இரும்புப் பெட்டியோடு ரயிலேறும் சிப்பாய்ப் பிள்ளைகளை அடிக்கடி காண்கிறோம். வழியனுப்பும் தாய்மார் கேட்பது ஒன்றுதான்: "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு சாமி." அந்த 29 வீடுகளும் அப்படியொரு அழைப்புக்காக ஏழரை ஆண்டுகள் காத்திருந்தன.

2024 ஜனவரியில் விடை வந்தது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகளைப் படம்பிடித்திருந்தது.

புறநானூற்றின் 27ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் கண்கள் விரியும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழ்பெற்றோர் ஓட்டுபவன் இல்லாத வானவூர்தியில் விண்ணேறுவர் என்கிறார். இங்கோ ஓட்டுபவன் இல்லாத கலம் இறங்கியது கடலுக்குள். இறந்தோரை ஏற்றிச் செல்ல அன்று, அவர்கள் கிடக்குமிடம் காட்ட.

தருமபுரி, சேலம் பக்கத்து வயல்வரப்புகளில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளில் முதலாவது காட்சி. ஏற்ற கல்லைக் கண்டடைதல். கடலடிப் படங்களால் நமக்குக் கிட்டியது அந்தக் காட்சி மட்டுமே. விழுந்த இடத்தை அவை சொல்லின. விழுந்த காரணத்தைச் சொல்லவில்லை. அதையும் தேடிச் சொல்வதே, பழைய ஊர்திகளில் இன்னமும் ஏறிப் பறக்கிற பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன்.