செம்புச் சுத்தியல்

2023 டிசம்பர் 18 காலையில் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் என் நண்பர் வீட்டு முற்றத்தில், புல்லட்டின் ஹேண்டில்பாரும் முன்விளக்கின் நெற்றியும் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது. தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்து, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தையே சூழ்ந்து நின்றது. இரண்டு நாள் கழித்து நீர் வடிந்தபோது வண்டி பாதிச் சக்கரம் வரை வண்டலில் புதைந்திருந்தது.

நண்பரின் அப்பா 1974-ல் வாங்கிய வண்டி. அவர் நில அளவைத் துறையில் இருந்தார். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவரைச் சுமந்து திரிந்த வண்டி அது. அவர் இறந்த பிறகு பத்து வருடமாக ஓடவில்லை. வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரம் ஒரு தரகர் வந்தார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதலில் கேட்டது, “ஆர்.சி. புத்தகம் இருக்கா?” என்றுதான். பீரோவின் மேல்தட்டில் நனையாமல் இருந்தது. “தண்ணியில கெடந்த இரும்புக்கு வெல கெடையாது. இருந்தாலும் பன்னெண்டாயிரம் தாரேன்” என்றார். நண்பர் அன்று கொடுத்துவிட இருந்தார். “ஒரு நாள் பொறு” என்று நான்தான் சொன்னேன். மறுநாள் பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம்.

அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். ஊரிலும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயது அறுபத்தாறு. வாடகை கட்ட முடியாமல் பட்டறையை மூடி ஆறு வருடமாகிறது. இப்போது கான்வாஸ் பையில் சாமான்களைக் கட்டி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறார். யார் வீட்டில் வண்டி இருக்கிறதோ அந்த வீட்டு முற்றம்தான் அவருக்குப் பட்டறை.

வண்டியைச் சுற்றி வந்தார். ஆயில் போல்ட்டைத் திறந்தார். மோர் மாதிரி வெளுத்த எண்ணெய் வழிந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, “மணல் இருக்கு” என்றார். பிறகு நண்பரிடம், “இரும்பு தண்ணிக்குள்ள சாவாது சார். தண்ணி வடிஞ்ச பெறவு சும்மா போட்டுருந்தா, அப்பத்தான் சாவும். இன்னைக்கே தொறக்கணும்” என்றார்.

அடுத்த நான்கு மாதம், முடிந்தபோதெல்லாம் நான் அந்த முற்றத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையிலேயே எல்லாம் செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. பெற்ற ஊர் கைவிட்ட பிறகும் திருவொற்றியூர்த் தொழிலாளிகள் அதே வார்ப்பிரும்பு சிலிண்டரைப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள். 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. அகலத்தைவிட ஓட்டம் நீளம் என்பதும் அந்த நிதானமான தட் தட் சத்தத்துக்கு ஒரு காரணம். கியர் பெட்டி தனி, என்ஜின் தனி. முற்றத்தில் கோணியை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கலாம். இன்றைய வண்டிகளை அப்படிக் கழற்றி வைத்துவிட முடியாது.

பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி ஒன்பது நாள் விட்டார். தினமும் காலையில் வந்து மரக்கட்டையை வைத்து ஒரே ஒரு தட்டு. அசையவில்லை என்றால் அன்றைக்கு வேறு வேலை. பத்தாம் நாள் அசைந்தது. சிலிண்டர் போரிங் போடப் போய்த் திரும்பியது. பெட்ரோல் டேங்குக்குள் சரளைக் கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு இரண்டு ஆள் மாறி மாறிக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். வயரிங் வேலை நடந்த நாட்களில் நான் ஊரில் இல்லை.

நான் முழுக்கப் பார்த்தது கிராங்க் வேலையை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

புல்லட்டின் வயிற்றில் இரண்டு கனத்த ஃப்ளைவீல்கள். அவற்றை ஒரு பின் இணைக்கிறது. அந்தப் பின்னில்தான் கனெக்டிங் ராட் சுற்றுகிறது. இந்தத் தொகுப்புதான் கிராங்க். பழைய புல்லட்டில் அங்கே ரோலர் பேரிங் கிடையாது. ஒரு புஷ் இருக்கும், உள்ளும் புறமும் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றும் ஒரு வளையம். அந்தப் படலத்தில் ஆற்று மணல் ஒரு துளி கலந்தாலே போதும். அண்ணாச்சி பிரித்துக் காட்டிய புஷ்ஷில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன.

புதிய புஷ் வந்தது. பொட்டலத்தின் மேல் ஒரிஜினல் என்று அச்சடித்திருந்தது. மைக்ரோமீட்டரை வைத்து நான்கு இடத்தில் அளந்தார். நான்கு இடத்திலும் நான்கு அளவு. பேசாமல் பொட்டலத்திலேயே போட்டு நண்பர் கையில் கொடுத்தார். “இதப் போட்டா ஐநூறு கிலோமீட்டர் ஓடும். அப்புறம் என்னய ஏசுவிய” என்றார். சரியான புஷ் கிடைக்கப் பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் அவருக்குக் கூலி இல்லை.

பின்னைப் பூட்டியதும் இரண்டு ஃப்ளைவீலும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதாது. ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைத் ‘தௌ’ என்கிறார்கள். இரண்டு தௌவுக்கு மேல் ஆடினால் வண்டி கையை நடுங்க வைக்கும். பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். தெரிந்த லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். லேத்தின் இரண்டு சென்டருக்கும் நடுவில் கிராங்கை ஏற்றி, டயல் கேஜின் முள்ளை ஷாஃப்டில் படவைத்து, கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒன்பது தௌ போய் வந்தது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கிராங்கை இறக்கி இடது கையில் தொங்கவிட்டு, வலது கையில் சுத்தியலை எடுத்தார்.

அது செம்புச் சுத்தியல். உள்ளங்கை அளவு, ஒன்றரைக் கிலோ இருக்கும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் ஃப்ளைவீலில் தழும்பு விழும். செம்பு தன் முகத்தைக் கொடுத்துவிட்டு அடியை மட்டும் கடத்தும். எரிந்துபோன மோட்டார்களின் காயில் கம்பியைச் சேர்த்துவைத்து, பாத்திரப் பட்டறை வைத்திருந்த கூட்டாளியிடம் உருக்கி வார்த்தது. அடித்து அடித்து முகம் காளான் மாதிரி விரிந்துவிடும். அப்போது திரும்ப உருக்கி வார்க்க வேண்டும். நாற்பது வருடத்தில் மூன்று முறை வார்த்திருக்கிறார். கைப்பிடி புளிய மரம்.

ஒரு அடி. மறுபடி லேத்தில் ஏற்றிச் சுற்றினார். ஆறு தௌ. இறக்கினார், கோட்டைப் பார்த்தார், ஒரு அடி. எட்டாகிவிட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் என்பதற்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். “அடி விழும்போது ஒரு சத்தம் வரும் சார். நகந்துருந்தா சத்தம் செத்துப் போவும். நகரலன்னா மணி மாதிரி அடிக்கும்” என்றார். அதன் பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பத்தாவது அடியில்தான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டது. மொத்தம் இரண்டரை மணி நேரம். கடைசியில் முள் ஒன்றரைத் தௌவில் நின்றது. சுத்தியலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு டீ கேட்டார்.

அவர் பன்னிரண்டு வயதில் ஜங்ஷன் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தவர். இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது மட்டும்தான் வேலை. “கழுவக் கழுவத்தான் எது எங்க தேயும்னு கை படிச்சுது” என்றார். போலீஸ் வண்டிகளும் மாஞ்சோலைக்கு ஏறும் எஸ்டேட் வண்டிகளும் வந்த காலம் அது. அவரிடம் படித்த ஏழு பேரில் இன்று இந்தத் தொழிலில் ஒருவரும் இல்லை. இரண்டு பேர் துபாயில். ஒருவர் மொபைல் கடை வைத்திருக்கிறார்.

நண்பரின் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு பேச்சு வந்தது. பின் மட்கார்டை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, ஹேண்டிலைத் தாழ்த்தி கஃபே ரேசர் ஆக்கிவிடலாம் என்றான். அண்ணாச்சி கோபப்படவில்லை. “மாத்தலாம் தம்பி. ஆனா நான் மாத்துனத நாளைக்கு இன்னொருத்தன் வெறும் ஸ்பேனர வச்சே பழையபடி ஆக்கணும். ஆக்சா பிளேடு வைக்கணும்னா நான் வரல.”

சட்டமும் அவர் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய, உருமாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் அன்றாடம் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். நண்பர் அது வேண்டாம் என்று சாதாரணப் பதிவையே புதுப்பித்தார். மாற்றம் என்று செய்தது 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்கியதும் அவர் மனைவிக்காகச் சீட்டைச் சற்று அகலமாக்கியதும்தான். இரண்டையும் ஸ்பேனரால் கழற்றிவிடலாம்.

இனி கணக்கு. நான்கு மாதத்தில் அண்ணாச்சி வாங்கிய மொத்தக் கூலி 22,000 ரூபாய். பன்னிரண்டாயிரத்துக்குக் கேட்ட அதே தரகர், வண்டி ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஜூனில் மறுபடி வந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொன்னார். அவருக்கு அதற்கு மேலும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இடையில் கூடிய விலை எங்கிருந்து வந்தது? துருப்பிடித்த பிஸ்டனை ஒன்பது நாள் காத்திருந்து அசைத்த பொறுமையிலிருந்தும், ஒன்றரைத் தௌவுக்குக் கொண்டுவந்த காதிலிருந்தும்தான் வந்தது. கிராமத்துத் தொழுவங்களிலிருந்து வண்டிகளை இரும்பு விலைக்கு வாங்கி, இவரைப் போன்றவர்களிடம் நாள் கூலிக்கு உயிர் கொடுக்க வைத்து, பெருநகரத்தில் லட்சங்களுக்கு விற்கிறார்கள். வாங்குபவர் பெயின்ட்டைப் பாராட்டுகிறார். கிராங்கைத் தட்டியவர் யார் என்று கேட்பதில்லை. இது வியாபாரம் அல்ல, கொள்ளை. டூப்ளிகேட் புஷ்ஷில் ஒரிஜினல் என்று அச்சடிப்பவனும் இதில் கூட்டாளி. அவன் ஏமாற்றுக்குப் பழி சுமப்பதும் மெக்கானிக்தான்.

நண்பர் விற்கவில்லை. முதல் நாள் வண்டியை எடுக்கும்போது எப்படி என்று அண்ணாச்சி காட்டிக்கொடுத்தார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு விரற்கடை தள்ளு, லீவரை விடு, இப்போது முழு உதை. மூன்றாம் உதையில் பிடித்தது. அவர் சத்தத்தைக் கேட்டபடி இரண்டு நிமிடம் நின்றார். பிறகு பையைக் கட்டத் தொடங்கினார். பேசிய கூலிக்கு மேல் நண்பர் இன்னொரு 22,000 கொடுத்தார். வாங்க மறுத்தவரின் சட்டைப் பையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுத் தொழுவத்திலோ மாடிப்படிக்குக் கீழோ ஒரு பழைய புல்லட்டோ ஜாவாவோ ராஜ்தூத்தோ கிடந்தால், தரகர் வருவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூலி பேசும்போது, வண்டி ஓடிய பிறகு அது என்ன விலைக்குப் போகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.