பின்கதவும் மூவகை அளவையும்

ஆடம்பரம் எது, தேவை எது என்பதைப் பொருளை மட்டும் வைத்துத் தீர்மானித்தல் இயலாது. பயன்கொள்வோரை வைத்தே தீர்மானித்தல் வேண்டும். பொத்தானை அழுத்தத் தானே உயர்ந்து, மீண்டும் அழுத்தத் தானே தாழும் மின் பின்கதவு, பெரிய ஜீப் வண்டிகளுக்கே உரிய வீண் அலங்காரம் என்பர் பலர். என் மாமாவுக்கு அது அவ்வாறன்று. பழைய காயமொன்றினால் அவரது வலக்கை தோளுக்குமேல் உயராது. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது அவர் தொழில். தலைக்குமேல் நிற்கும் கதவை இழுத்து மூட இயலாத அவருக்கு அந்த மோட்டாரே வலக்கை.

சென்ற மாரியில் அக்கதவு பழுதுற்றது. திறக்கும், ஆனால் மூடும்போது பாதி வழியில் நின்று, ஒலியெழுப்பி, மீண்டும் மேலே போய்விடும். பயணிகளின் பெட்டிகள் நனைந்தன. திருத்துமிடம் ஒன்றில், மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து மாற்றவேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை மாமாவின் மூன்று மாத வருமானம். வண்டியை விற்று வேறொன்று வாங்குவதும் எளிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை புதியனவற்றை நாணச் செய்தது. உள்ளதைப் பேணுவதே எம்மவர்க்கு வழியாயிற்று.

இறுதியில், மோட்டார் மின்வேலையில் முதிர்ந்த ஒருவரிடம் வண்டி சென்றது. ஊரார் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பர். உதவிக்கு நின்ற நான், விரிவுரை மண்டபத்திற் கேட்ட காண்டல், கருதல், உரை என்னும் மூவகை அளவையும் ஒரு வண்டியின் பின்புறத்தே தொழிற்படக் கண்டேன்.

உரை முதலில் வந்தது. வண்டியின் கைந்நூல் யப்பானிய மொழியில் இருந்தது. எங்களில் எவருக்கும் அது பயன்படவில்லை. பாஸுக்கு அவர்தம் குரு சொன்ன சொல்லே நூல்: “சுகமானதை முதல்ல பார், விலை கூடினதைக் கடைசியில பார்.”

அடுத்துக் காண்டல். பல்மானியை வைத்துப் பற்றரியை அளந்தார், 12.5 வோல்ற் இருந்தது. மின்னழுத்தம் தாழ்ந்தால் இத்தகைய கதவுகள் இயங்க மறுப்பதுண்டு, இங்கு அக்குறையில்லை. முன்னாசனப் பெட்டிக்குள் இருந்த ஆளி கதவின் மின்னியக்கத்தை நிறுத்தவல்லது. அதுவும் சரியாகவே இருந்தது. உருகி எரியவில்லை. பூட்டு ‘டக்’கென விடுபட்டது. கதவைத் தாங்கும் வாயுத்தண்டுகள் தளர்ந்தால் கதவு தானே கீழிறங்கும், அதுவும் நிகழவில்லை. எனினும், கதவின்கீழ் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்த பின்னரே அவர் தலையை உள்ளே நீட்டினார்.

பின் கருதல். கதவு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றது. “மோட்டார் களைச்சிருந்தா நிக்கிற இடம் மாறும், தம்பி. இது நிக்கேல்ல, திரும்புது. ஆரோ திரும்பச் சொல்லுறாங்க” என்றார் பாஸ். நிற்பது தளர்ச்சி, திரும்புவது கட்டளை. கதவின் இரு விளிம்புகளிலும் இறப்பர் பட்டியுள் உணரிகள் உள்ளன. கையோ பொருளோ அகப்பட்டால் அவை அறிவிக்க, கதவு பின்வாங்கும். உணரியின் வயர் அறுந்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை ஆபத்தென்றே கொள்கிறது. அந்த வயரோ, பிணைச்சலருகே ஓர் இறப்பர் உறைக்குள், கதவு அசையுந்தோறும் வளைந்து நிமிர்வது. ஆகவே, குறித்த கோணத்தில் வரும் பழுது வளையும் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

உறையைக் கழற்றியபோது அனுமானம் காட்சியாயிற்று. இரு வயர்களின் காவலி வெடித்திருந்தது. ஒன்றின் செம்பு பச்சையாகி இற்றிருந்தது. பல்மானியைத் தொடுத்துக் கதவைக் கையால் அசைக்க, இணைப்பு வந்தும் போயும் விளையாடியது. கல்லடியில் மாமாவின் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் உள்ளது. இருபுறமும் உவர்நீர், இடையே ஈரக்காற்று. வெடிப்பினூடே புகுந்த உப்பும் ஈரமும் தம் தொழிலைச் செய்தன. செம்பிற் களிம்பென்னும் சித்தாந்த உவமையை அன்றுதான் கண்ணாற் கண்டேன்.

அருகில் நின்ற ஒருவர், உணரியையே விலக்கி ஏமாற்றிவிட்டால் வேலை எளிதில் முடியுமே என்றார். பாஸ் நிமிர்ந்து பார்த்தார். “கதவு வேலை செய்யும், பிள்ளையிட கை போகும்” என்று சொல்லிக் குனிந்துகொண்டார். பழுதை நீக்குதல் வேறு. பழுதை அறிவிக்கும் வாயை அடைத்தல் வேறு. இவ்வேறுபாடு வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று.

இற்ற பகுதிகளை வெட்டி நீக்கி, இழைகள் மிகுந்த மெல்லிய வயரை இடையே சேர்த்து ஈயம் பற்றவைத்தார். பற்று வளையும் இடத்தில் இருந்தால் மீண்டும் முறியும். ஆதலால் இரு முனைகளையும் உறைக்கு வெளியே கொண்டுவந்தார். சுருங்கும் குழாயால் மூடிய பின், கழற்றியிருந்த பற்றரியை இணைத்து, கதவை ஒருமுறை கையால் முழுமையாக மூடினார். மூடிய நிலை இதுவெனப் பெட்டி மீண்டும் அறிந்துகொள்ள அது வேண்டுமாம். பின்னர் பொத்தான் அழுத்தப்பட்டது. கதவு தயங்காது மூடிற்று. மாமா செலுத்தியது ஒருநாட் கூலியும் சில சிறு பொருள்களின் விலையுமே.

காரைதீவிற் பிறந்து, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியை நூற்சான்றும் கணக்கும் கொண்டு மீட்க முயன்றார். இவர் இசைக்கருவியில் ஆண்ட முறையும் பாஸ் கதவில் ஆண்ட முறையும் அடிப்படையில் ஒன்றே: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் படிப்படியாகச் செல்லல். எனினும் ஒன்றைக் கல்வி என்கிறோம். மற்றதைக் கைவேலை என்று தள்ளிவைக்கிறோம். அளவை நூலைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் நாம், அந்நூலைப் படியாமலே அதன்படி வாழ்வோரிடம் சிறிது காலம் மாணவராய் இருத்தல் நன்று. மூன்று மாத ஊதியம் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சுவதும் மிஞ்சாததும் சிலவேளை ஒரு சரியான அனுமானத்தில் தங்கியிருக்கிறது.