ஐந்து பொத்தான், ஒரே வயர்

ஜொகூர் மாநிலத்தின் மாசாயில், கடைவரிசையின் கோடியில் ஒரு காடி ஒலிப்பெட்டிக் கடை. மழைக்காக மைவி காடியின் முன்பாதியை மட்டும் கூரைக்குள் இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். டேஷ்போர்டின் நடுப்பேனலைக் கழற்றியாயிற்று. ஆண்ட்ராய்டு பிளேயர் கியர் கம்பிமேல் மல்லாந்து கிடக்கிறது. அதன் முதுகிலிருந்து வயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன.

"வால்யூமைக் குறைச்சா ஸ்டேஷன் மாறுது அங்கிள். மேடு பள்ளத்துல ஏறுனா ரொம்ப மோசம்."

"புதுசு எங்க மாட்டுனே?"

காடிக்காரத் தம்பி ஏதோ ஒரு திசையில் கை காட்டுகிறார். வயர்மேன் மேலே கேட்கவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர்; நெற்றியில் சிறு விளக்கு, சட்டைப்பையில் டெஸ்டர்.

பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பியின் அம்மா, பொட்டலம் கட்டிய தே ஓவோடு. மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதையும், விடியுமுன் பாலம் கடப்பதையும் கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இப்பதான் ஞாயித்துக்கிழம பேரப்பிள்ளைங்களோட இருக்கான்." அதில் ஒரு வரலாறே இருக்கிறது. 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அப்பாவுக்கு அக்கரையில் ஞாயிறு ஓய்வு. பிள்ளைக்கு இக்கரையில் அன்று பள்ளிக்கூடம். 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறு திரும்பி வந்தது.

வயர்மேன் மீட்டரை எடுக்கிறார். ஸ்டீரிங்கிலிருந்து வரும் மெல்லிய வயர்களில் இரண்டைத் தேடிப் பிடித்து முனைகளை வைக்கிறார்.

"வால்யூம் ஏத்து." எண் மாறுகிறது.

"எறக்கு." வேறு எண்.

இந்த வேலையின் அழகு இங்கேதான் இருக்கிறது. ஸ்டீரிங்கில் பொத்தான் ஐந்து, ஆறு இருந்தாலும் ஆளுக்கொரு வயர் கிடையாது. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் வெவ்வேறு அளவுள்ள ஒரு மின்தடை. எதை அமுக்குகிறோமோ அதற்கேற்ற மின்னழுத்தம் அந்த ஒற்றை வயரில் நிற்கும். பிளேயர் அதை அளந்து, இது வால்யூம், இது அடுத்த ஸ்டேஷன் என்று இனம் காண்கிறது. குரலை வைத்தே வாசலில் நிற்பது யாரென்று பாட்டி சொல்வதுபோல. குரல் கம்மினால் பாட்டியும் ஆளை மாற்றித்தான் சொல்வாள்.

தம்பி ஆர்வத்தில் ஸ்டீரிங் கவரின் அடியில் விரலை விடுகிறார்.

"அங்க கைய வைக்காதே. மஞ்சக் கலர்ல ஓடுதே, அது ஏர்பேக்."

சத்தம் உயரவில்லை. ஆனாலும் விரல் உடனே வெளியே வந்துவிடுகிறது. ஏர்பேக்கைத் தொடுவதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா கைநூல்கள் குறைந்தது 90 விநாடி என்கின்றன. மைவிக்கும் அந்த மரியாதை உரியது. இந்த வேலைக்கு ஸ்டீரிங்கைக் கழற்றவே தேவையில்லை. பொத்தான் வயர்கள் அதன் அடியிலுள்ள சுருள் நாடா வழியாக இறங்கி, ரேடியோ சாக்கெட்வரை தாமாகவே வந்து நிற்கின்றன.

மீட்டர் முனை எர்த்து வயருக்குப் போகிறது. அங்கே எண் நிற்க மறுக்கிறது. வயரை லேசாக ஆட்டுகிறார். எண் ஏறுகிறது, இறங்குகிறது. கறுப்பு டேப்பைப் பிரித்தால், முறுக்கி விட்ட செம்பு இழைகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. ஈயம் வைக்கவில்லை. அந்தத் தளர்ந்த முடிச்சே ஒரு தடையாகி எல்லா அளவுகளையும் தள்ளிவிட்டிருக்கிறது.

எவர் கண்ணிலும் படாத இடத்தில் டேப் சுற்றி மூடிய சோம்பலை என்னால் பொறுக்க முடியவில்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் காடி, பொத்தான் ஏமாற்றி, ஓட்டுபவர் ரேடியோவைத் தேட இரண்டு விநாடி கீழே குனிந்தால் 50 மீட்டர் கடந்துவிடும். இருட்டில், இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிப் பாயும் சடக்கில், அந்த 50 மீட்டருக்குள் எத்தனை பிள்ளைகளின் அப்பாக்கள்! ரேடியோவைத் தேடாமல் கட்டைவிரல் ஸ்டீரிங்கிலேயே இருக்கத்தானே இந்தப் பொத்தான்கள்.

வயர்மேன் பச்சை பூத்ததை நறுக்கி எறிகிறார். புது இழை தெரியுமட்டும் உரிக்கிறார். குழாய் உறையை முதலிலேயே மாட்டிவிட்டு, வயரைச் சுட வைத்து, ஈயத்தை உருகவிடுகிறார். ஊதி ஆற்றவில்லை, தானாக இறுகும்வரை கை அசையாமல் பிடித்திருக்கிறார். பிறகு பழைய பதிவுகளை அழித்து, ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பிடித்துத் திரையில் புதிதாகப் பதிகிறார்.

அதோடு விடுவார் என்று நினைத்தேன். எஞ்சினைப் போடுகிறார். ஏர்கோன், வைப்பர், முன்விளக்கு எல்லாம் போட்டு மறுபடி எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது.

"பேனலை மூடலாமா அங்கிள்?"

"இரு. அந்த பம்ப்புல ரெண்டு தரம் ஏத்தி எறக்கிட்டு வா. அப்பறம் மூடலாம்."

அம்மாவும் ஏறிக்கொள்கிறார். காடி பம்ப்பில் குலுங்கி ஏறுகிறது. இறக்கிய கண்ணாடி வழியே முதலில் ராகா வானொலி, அடுத்து கடலிடுக்கு தாண்டி வரும் சிங்கப்பூரின் ஒலி 96.8, பிறகு மின்னல். தம்பி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதுலயே விடுய்யா," என்கிறார் அம்மா. "சத்தத்த மட்டும் கொஞ்சம் கொற."

சத்தம் குறைகிறது. ஸ்டேஷன் மாறவில்லை.