அப்பாவின் சைக்கிளும் இருபது வளைவுகளும்

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் அப்பா கணக்குப்பிள்ளை. 30 வருஷமும் ஒரே சைக்கிள். மொட்டை மாடியில் நின்று சேர்வராயன் மலையைக் காட்டி, "ஒரு நாள் இதுலயே ஏற்காடு போயிடணும்டா" என்பார். போகாமலே, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, அவருக்குப் பதில் நான்! விடிகாலை கிளம்பி, அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை ராஜா மாதிரி மிதித்தேன். அடிவாரம் தாண்டியதும் ராஜ்யம் பறிபோனது. தூரம் 30 கிலோமீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரில் இருக்கும் சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு ஏற வேண்டுமே! கியர் வேறு கிடையாது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை டாட்டா காட்டியது. புளிசாதப் பொட்டலத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டது.

இருபதாவது வளைவில் கண் கலங்கிவிட்டது. மண்டி, வீடு, என் பி.காம். ஃபீஸ்... அப்பா தினமும் தள்ளியதும் மேட்டில்தானே?

இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து, ரிம் சுட்டது. வளைவுக்கு வளைவு நின்று ஆறவிட்டு வீடு சேர இருட்டிவிட்டது.

"அப்பா பார்க்காத ஏற்காட்டை அவர் சைக்கிள் பார்த்துடுச்சும்மா" என்றேன், தொண்டை அடைக்க.

"யாருடா பார்க்கலை? கல்யாணமான புதுசுல பஸ்ல போனோமே! ஏழாவது வளைவுலேயே உங்கப்பாவுக்கு வாந்தி. இனிமே வந்தா சைக்கிள்லதான்னு சத்தியம் பண்ணாரு..."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.