எத்தனை பிள்ளைகள்?

எங்கள் வீரகேரளம்புதூர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அழலாம், சாப்பிடாமல் கிடக்கலாம். பதினாறு கழிந்த பிறகு வருகிற எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "போனது போயிட்டு. இருக்கிறதப் பாரு." எண்பது வயதுத் தாத்தா போனதற்கு இது சரி. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் இதையே சொல்லலாமா? எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் படிப்பது பி.காம். இனி வராது என்று உறுதியான கடனை வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். துக்கத்தையும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தார் சிக்மண்ட் ஃபிராய்ட். 1917-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று, இறந்தவர்மேல் வைத்த பாசத்தை மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்துக்கொள்கிறது, அந்த வேலை முடிந்ததும் விடுதலையாகிவிடுகிறது என்கிறது. மனநல மருத்துவர்கள் பலர் ரொம்ப காலம் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் 1920 ஜனவரியில் ஃபிராய்டின் மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். வயது 26. ஒன்பது வருஷம் கழித்து, 1929 ஏப்ரலில், சோஃபி இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நேரத்தில், மகனை இழந்த தன் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதும் சரிதான், விட மனமில்லாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்ற பொருளில் போகிறது அந்தக் கடிதம். கட்டுரை எழுதியவர் டாக்டர், கடிதம் எழுதியவர் அப்பா. நான் அப்பாவைத்தான் நம்புகிறேன். பிள்ளையை இழந்த பெற்றோர்களோடு பல வருஷம் பழகிய அமெரிக்கர் டென்னிஸ் கிளாஸ், வேறு இருவரோடு சேர்ந்து 1996-ல் கொண்டுவந்த புத்தகமும் இதையேதான் சொல்கிறது: உறவு அறுவதில்லை, வேறு மாதிரி ஆகிறது.

இதற்கெல்லாம் வியன்னாவுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டியதில்லை. எங்களுக்குத் தென்காசி வழியாக பஸ் ஏறினால் குற்றாலம். அங்கே வாழ்ந்து 1954-ல் காலமானவர் ரசிகமணி டி.கே.சி. கம்பனைச் சொல்லிச் சொல்லியே ராஜாஜியையும் கல்கியையும் அருவிக்கரைக்கு வரவழைத்தவர். அவருடைய மகன் தீத்தாரப்பன். தீபன் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். அப்பா இருக்கும்போதே, இளம் வயதில் போய்விட்டார்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்தத் துக்கத்துக்கு ஒரு பாட்டு எழுதி அனுப்பினார். இப்படி ஒரு பாட்டுக் கிடைக்குமென்றால் பிள்ளையை இழக்கலாம் போலிருக்கிறதே என்ற மாதிரி டி.கே.சி. பதில் எழுதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. முதலில் கேட்டபோது, என்ன மனுஷன் இவர் என்றுதான் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வந்தவர் போனவர் எல்லோரும் மறக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்ட தகப்பன் வேறு என்ன சொல்வார்?

டி.கே.சி.யின் பேரன்கள் தீப. நடராஜன், தீப. குற்றாலிங்கம். இனிஷியலுக்கு ஓர் எழுத்துப் போதும். இவர்கள் இரண்டு எழுத்துப் போட்டிருக்கிறார்கள். தீபன் என்ற பெயரில் 'ன்' மட்டும்தான் பாக்கி!

இவ்வளவும் எழுத வைத்தது என் அத்தை. அவள் மகன் என்னைவிட ஒரு வயது இளையவன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தாயிற்று. அத்தை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சுவரோரம் நிற்கச் சொல்லி உயரம் பார்ப்பாள். "அவன் உன்னவிட ரெண்டு விரக்கடை கூட இருப்பான்" என்பாள். அவன் அவளுக்கு என்னோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறான்.

போன தை மாசம் மதினியைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே பெரியப்பா அத்தையிடம் சொல்லிவிட்டார். "எத்தன பிள்ளைன்னு கேட்டா ஒண்ணுன்னு சொல்லு. நல்ல காரியத்துல அதெல்லாம் எதுக்கு?" அத்தை பதில் பேசவில்லை. மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா எதேச்சையாகக் கேட்டாள். "ரெண்டு" என்றாள் அத்தை. "பையன் என்ன பண்றான்?" "இருந்தா காலேஜ் ரெண்டாம் வருஷம்." பெரியப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அத்தை சொன்னாள். பிறகு இருவரும் வெகுநேரம் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், பெண் பார்க்க வந்ததே மறந்துபோன மாதிரி.

அந்தச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தாமல் தட்டிப்போய்விட்டது. அத்தைக்கு அதில் வருத்தம்தான். மாப்பிள்ளைக்காக அல்ல, அந்த அம்மாவுக்காக.